வெயில் தாழக் கிளம்பினோம்

“வெயில் நமக்கென்ன புதுசா?”

இந்த ஒரு வார்த்தையால் நான் பட்ட பாட்டைத்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். படித்துவிட்டுச் சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஆனால் கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

2023-ம் வருஷம் ஜூலை மாதம். என் பெண்ணின் பிரசவத்துக்காக நாங்கள் இருவரும் ஸ்பெயின் தேசத்துத் தலைநகரான மாட்ரிடுக்குப் போயிருந்தோம். பத்திய சமையல், குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டல், ராத்திரி முழிப்பு என்று இரண்டு மாதம் போனதே தெரியவில்லை. ஒரு நாள் என் பெண், “அம்மா, இவ்வளவு தூரம் வந்துட்டு எங்க வீட்டு அடுப்பை மட்டும் பார்த்துட்டுப் போகப் போறியா? நீயும் அப்பாவும் ரெண்டு நாள் எங்கேயாவது போய்ட்டு வாங்க. நான் சமாளிச்சுப்பேன்” என்றாள்.

எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷம். பழனிக்குப் போனோம், திருப்பதிக்குப் போனோம், குற்றாலம் கூடப் போயிருக்கிறோம். எல்லாமே மாமியார், நாத்தனார், குழந்தைகள் என்று கும்பலோடு கும்பலாக. நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒரு ஊரைச் சுற்றிப் பார்க்கப் போனதே கிடையாது. “நம்ம ரெண்டு பேருமா? தனியா போய் என்னங்க பேசறது?” என்று நான் கேட்க, “பேசாம இருந்தா போச்சு” என்றார் இவர்.

மாப்பிள்ளைதான் கோர்தோபா என்ற ஊரைச் சொன்னார். தெற்கே, அண்டலூசியா பகுதியில் இருக்கும் பழைய நகரம். மாட்ரிடிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம் கூட ஆகாது. “ஆனா அத்தை, அங்கே இப்போ வெயில் ஜாஸ்தி” என்றும் எச்சரித்தார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் அந்தப் பொன்மொழியை உதிர்த்தார். “மாப்ளே, நாங்க திருச்சி! வெயில் நமக்கென்ன புதுசா?”

என் பெண் ஒரு சின்னத் தாளில், அவசரத்துக்கு உதவும் ஸ்பானிஷ் வார்த்தைகளைத் தமிழில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்தாள். அகுவா என்றால் தண்ணீர். கிராசியாஸ் என்றால் நன்றி. சின் ஹமோன், சின் வேவோ என்றால் பன்றி இறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம். கடைசியில், அசேயோஸ் என்றால் கழிப்பறை. இந்தத் தாளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் ராத்திரியே போய், பழைய ஊருக்குள் ஒரு சின்ன ஹோட்டலில் தங்கிவிட்டோம். மறுநாள் காலையில் கிளம்பும்போது காற்று இதமாகத்தான் இருந்தது. அந்த ஊர் மருந்துக் கடைகளின் வாசலில் பச்சைச் சிலுவை விளக்கு ஒன்று இருக்கும். அதில் மணியும் வெப்பமும் மாறி மாறி ஓடும். காலை ஒன்பது மணிக்கு 27 டிகிரி என்று காட்டியது. “பார்த்தியா, ஊட்டி மாதிரி இருக்கு!” என்றார் இவர். கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டினார். “அப்புறம்” என்றேன்.

முதலில் போனது மெஸ்கீத்தா. மசூதி என்பதற்கு ஸ்பானிஷ் வார்த்தை அது. கி.பி. 785 வாக்கில் முதலாம் அப்துர் ரகுமான் என்ற அமீர் கட்ட ஆரம்பித்து, அவருக்குப் பின் வந்தவர்கள் இருநூறு வருஷம் போல விஸ்தரித்துக்கொண்டே போன பெரிய பள்ளிவாசல். 1236-ல் கிறிஸ்தவ அரசர் மூன்றாம் ஃபெர்னாண்டோ ஊரைப் பிடித்ததும் அது மாதா கோயிலாயிற்று. 1523-ல் நட்டநடுவே கொஞ்சம் இடித்துவிட்டு, உயரமான ஒரு தேவாலயத்தையும் எழுப்பினார்கள். ஆக, ஒரே கூரையின் கீழ் மசூதியும் இருக்கிறது, சர்ச்சும் இருக்கிறது.

உள்ளே காலை வைத்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். தூண், தூண், எங்கே பார்த்தாலும் தூண்! 856 தூண்கள் இன்றும் நிற்கின்றனவாம். மேலே சிவப்புச் செங்கலும் வெள்ளைக் கல்லும் மாறி மாறி வைத்த வளைவுகள். ஒரு வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு. ஏன் இரட்டை வளைவு தெரியுமா? பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து எடுத்து வந்த தூண்கள் பலவும் குட்டை. கூரையை உயர்த்த வேண்டும், தூணோ எட்டவில்லை. அதற்குக் கண்டுபிடித்த யுக்திதான் இது. பழைய புடவையில் பார்டர் ஒட்டி நீளமாக்குகிற நம் புத்திதான் அந்தக் கொத்தனாருக்கும் இருந்திருக்கிறது!

வெளியே ஆரஞ்சு மரங்கள் வரிசையாக நிற்கும் பெரிய முற்றம். மரத்துக்கு மரம் தரையில் சின்ன வாய்க்கால் வெட்டி இணைத்திருக்கிறார்கள். ஒரு பாத்தியில் விட்ட தண்ணீர் அடுத்த மரத்துக்குத் தானே போகும். அந்த நிழலில் உட்கார்ந்தபோது இவர் மறுபடி பாட்டிலை நீட்டினார். “அப்புறம் குடிக்கிறேன்” என்றேன்.

அங்கிருந்து யூதர் தெருக்கள். இரண்டு பேர் கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தட்டுப்படும் சந்துகள். சுவரெல்லாம் சுண்ணாம்பு அடித்து வெள்ளை வெளேரென்று இருக்க, அதில் நீலத் தொட்டிகளில் ஜெரேனியப் பூக்கள். 1315-ல் கட்டிய சின்ன யூத ஆலயம் ஒன்று அப்படியே இருக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி ஒரு வெண்கலச் சிலை: மைமோனிடீஸ் என்ற யூத அறிஞர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்த ஊரில் பிறந்து, பிற்பாடு எகிப்துக்குப் போய் அரண்மனை வைத்தியராக இருந்தவர். உடம்பைப் பேணுவது எப்படி என்று தனியாக ஒரு நூலே எழுதியிருக்கிறார். அவர் காலைத் தொட்டால் அறிவு வரும் என்று வருகிறவர்கள் எல்லாரும் தொட்டுத் தொட்டு, அந்தச் செருப்பு மட்டும் பளபளவென்று மின்னுகிறது. நானும் தொட்டேன். வந்த அறிவின் லட்சணத்தைச் சாயந்திரம் பார்த்தோம்!

மதியம் ஒரு மணிக்குச் சாப்பாடு. அதற்கே ஹோட்டல்காரர் எங்களை விசித்திரமாகப் பார்த்தார். அந்த ஊரில் இரண்டு, இரண்டரைக்குத்தான் இலை போடுகிற நேரமாம். தக்காளியையும் ரொட்டியையும் ஆலிவ் எண்ணெயோடு மையாக அரைத்த ‘சல்மொரேஹோ’ என்ற குளிர்ந்த கூழும், வட்டமாக நறுக்கிப் பொரித்த கத்திரிக்காய் மேல் கரும்புப் பாகு ஊற்றிய ஒரு பதார்த்தமும் வந்தன. இவர் தாளைப் பார்த்து ‘சின் ஹமோன், சின் வேவோ’வை அழகாகச் சொன்னார். எனக்கு ஜில்லென்ற தக்காளிக் கூழ் தொண்டையில் இறங்கவில்லை. இரண்டு ஸ்பூனோடு வைத்துவிட்டேன். மேஜையில் வைத்த தண்ணீரையும் நான் தொடவில்லை.

இரண்டு மணிக்கு ஊரே கதவைச் சாத்திவிட்டது. கடைகள், ஜன்னல்கள், எல்லாம்தான். நாங்களும் அறைக்குப் போய்ப் படுத்தோம். மூன்றரைக்கு விழித்த இவர், “வெயில் தாழக் கிளம்பலாம். அஞ்சு மணிக்குப் போனா சரியா இருக்கும்” என்றார். நம் ஊர்க் கணக்குப்படி இது நியாயம்தானே? நாலரைக்கு மேல் வெயில் தாழும், ஐந்து மணிக்குப் பூ வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போகலாம். நானும் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, கைத்தறிப் புடவையில் கிளம்பினேன்.

தெருவில் ஒரு ஜீவன் இல்லை. அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? “நமக்காக ஊரையே காலி பண்ணி வெச்சிருக்காங்க” என்று இவர் ஜோக் அடிக்க, நானும் சிரித்தேன். வெயில் சுள்ளென்று இருந்ததே தவிர, வியர்வை ஒரு பொட்டு இல்லை. “வேர்க்கவே இல்லியே, அப்புறம் என்ன பெரிய வெயில்?” என்றேன். முட்டாள்தனத்தின் உச்சி அதுதான். கடலோரக் காற்றில் ஈரம் உண்டு. அதனால் வியர்வை உடம்பிலேயே வழியும், நமக்குத் தெரியும். அங்கே காற்று பொரிந்து போன காற்று. வியர்வை தோலுக்கு வந்ததும் ஆவியாகிவிடும். உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது.

ஊரின் தெற்கு எல்லையில் குவாதல்கிவிர் ஆறு. அதன் மேல் ரோமானியர் காலத்தில் அஸ்திவாரம் போட்ட கல் பாலம், பதினாறு வளைவுகள். பாலத்துக்குப் பக்கத்தில் ஆற்றோரம் ஒரு பெரிய நீர்ச் சக்கரம். ராத்திரியில் அது போட்ட சத்தம் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று ராணி இசபெல்லா அதைக் கழற்றச் சொன்னாராம், கதை அப்படி. பாலத்தின் அந்தக் கோடியில் கலாஓரா என்ற கோட்டை. அதைப் பார்த்துவிடலாம் என்று நடந்தோம். பாலத்தில் நிழல் என்று ஒரு முழம் கிடையாது. கீழே கல், மேலே சூரியன், நடுவில் நாங்கள்.

பாதிப் பாலத்தில், ஸான் ரஃபேல் என்ற தேவதூதரின் சிலை இருக்கிறது. அந்த இடத்துக்கு வரும்போது எனக்குத் தலையை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி இருந்தது. கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்தது. குமட்டல் வேறு. “ஏங்க...” என்றேன். இவர் எனக்கு நாலடி முன்னால்தான் போய்க்கொண்டிருந்தார். எப்போதும் அப்படித்தான். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால், நான் பின்னால். ஆனால் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கண் முன்னால் பாலம் வெள்ளையாகிக்கொண்டே போயிற்று. சிலையின் பீடத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தவர் ஓடி வந்த வேகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அறுபத்து மூன்று வயது மனிதர்! என் தோளுக்கடியில் கையைக் கொடுத்துத் தூக்கி, பாட்டிலில் இருந்த கொஞ்சம் தண்ணீரை என் உச்சந்தலையிலும் கழுத்திலும் ஊற்றி, மெல்ல மெல்ல நடத்தி அக்கரைக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம், “ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்லம்மா” என்றே சொல்லிக்கொண்டு வந்தார். அவர் கை நடுங்கியது என் தோளில் தெரிந்தது.

அக்கரையில் சாதாரண ஜனங்கள் குடியிருக்கும் பேட்டை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. இவர் முதலில் கண்ணில் பட்ட கதவைத் தட்டினார். “அகுவா! அகுவா!” அந்தத் தாளில் இருந்த ஒரு வார்த்தை. எழுபது, எழுபத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மாள் கதவைத் திறந்தார். எங்களை ஒரு பார்வைதான் பார்த்தார். என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

சகோதரிகளே, அந்த அம்மாள் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்கிறேன். டாக்டரும் இதையேதான் சொல்வார். ரேழி மாதிரி இருந்த இடத்தில், ஓடு பதித்த தரையில் என்னைப் படுக்க வைத்தார். கால் இரண்டையும் ஒரு தலையணை மேல் தூக்கி வைத்தார். இவரை அந்தண்டை திரும்பச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, என் ரவிக்கைக் கொக்கியையும் புடவைக் கட்டையும் தளர்த்திவிட்டார். துண்டை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் வைத்து, தம் இடுப்பில் செருகியிருந்த விசிறியை விரித்து வீசினார். எனக்கு நினைவு தெளிவாக இருக்கிறதா என்று கண்ணைப் பார்த்துக்கொண்ட பிறகுதான், ஒரு ஸ்பூன், இரண்டு ஸ்பூன் என்று தண்ணீர் கொடுத்தார். “போகோ அ போகோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக என்று அதற்கு அர்த்தமாம்.

கால் மணி கழித்து நான் எழுந்து உட்கார்ந்ததும், ஒரு கண்ணாடி டம்ளரில் ‘கஸ்பாச்சோ’ கொண்டு வந்தார். தக்காளி, வெள்ளரிக்காய், குடைமிளகாய், ஒரு பல் பூண்டு, உப்பு, வினிகர், ஆலிவ் எண்ணெய் எல்லாம் அரைத்துத் தண்ணீர் விட்டு நீர்க்கக் கரைத்தது. மதியம் இறங்காத தக்காளி இப்போது தேவாமிர்தமாக இறங்கியது. நமக்கு நீர்மோர் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. தண்ணீரும் உப்பும் சேர்ந்தே உள்ளே போகிறது, பார்த்தீர்களா?

அதன் பிறகுதான் அந்தப் பானையைப் பார்த்தேன். வெளுத்த மண்ணில், மெருகு போடாமல் சுட்ட ஒரு கூஜா. மேலே வளைந்த பிடி, ஒரு பக்கம் தண்ணீர் ஊற்ற வாய், மறு பக்கம் குடிக்க ஒரு சின்ன மூக்கு. ‘போத்திஹோ’ என்று பெயர். மண்ணின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாக ஆக, உள்ளே இருப்பது ஜில்லென்று ஆகும். நம் மண்பானைத் தத்துவமேதான்! அதை உதட்டில் வைக்காமல் தூக்கிப் பிடித்துக் குடிக்க வேண்டும் என்று அந்த அம்மாள் நடித்துக் காட்டினார். வெளியூர்க்காரர்கள் மூக்கிலும் சட்டையிலும் கொட்டிக்கொள்வது வழக்கம் போலிருக்கிறது. எனக்குப் பக்கத்தில் துண்டு கூடத் தயாராக வைத்தார். நான் கூஜாவை வாங்கி, அண்ணாந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் மடக் மடக்கென்று குடித்ததும் அவர் கை தட்டினார்! எச்சில் படாமல் குடிக்கக் கற்றுக்கொடுத்த என் பாட்டிக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

அந்த நிம்மதியில்தான் இவர் கேட்டார். “இன்னிக்குக் காலைலேர்ந்து நீ எவ்வளவு தண்ணி குடிச்சே?”

யோசித்தேன். காலையில் ஒரு காபி. மாத்திரைக்கு அரை டம்ளர் தண்ணீர். அவ்வளவுதான்.

“நான் நீட்டினப்பல்லாம் அப்புறம் அப்புறம்னியே, ஏன்?”

எனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. முப்பத்து நாலு வருஷக் கணவரிடம் கூச்சம்! கடைசியில் சொன்னேன். “தெரியாத ஊரு. தண்ணி குடிச்சா... எங்கே போறதுன்னு யாரைக் கேக்கறது? அதான்.”

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு உருப்படியாக ஒரு கழிப்பறை கிடையாது. காலை எட்டரைக்குப் போனால் சாயந்திரம் வீட்டுக்கு வந்துதான். “ஊருக்குக் கிளம்பறப்ப தண்ணி குடிக்காதே” என்பது அம்மா சொல்லிக்கொடுத்த பாடம். பஸ் பிரயாணம் என்றால் முதல் நாள் ராத்திரியிலிருந்தே தாகத்தைக் கட்டிப் போட்டுவிடுவேன். கல்யாண வீடானாலும் சரி, கோயிலானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி, இதே கதைதான். இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்து மாத்திரை சாப்பிட்டேனே, டாக்டர் அம்மா திட்டினாரே, அதற்கும் இந்தப் பழக்கம்தான் காரணம். என் பெண்ணை மட்டும் “தண்ணி குடி, தண்ணி குடி” என்று விரட்டுவேன். இந்தப் பக்கத்தில் உங்களுக்கும் எத்தனை தடவை எழுதியிருப்பேன்! ஊருக்கு உபதேசம்.

இவர் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “திருப்பதி, குற்றாலம் எல்லாத்துக்கும் இப்படித்தான் வந்தியா?” என்றார். தலையை ஆட்டினேன். “எனக்குத் தெரியவே தெரியாதே” என்றார். நானும் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. பஸ் நிற்கிற இடத்திலெல்லாம் இறங்கி ஓரமாகப் போய்விட்டு வருகிற ஆண்பிள்ளைக்கு இது தோன்றவும் தோன்றாது.

ராத்திரி போனில் இதைக் கேட்ட என் பெண், அழாத குறையாக ஒரு விஷயம் சொன்னாள். ஸ்பெயினில் கடிகாரம் சூரியனோடு ஓடுவதில்லை. பூமியில் அந்த நாடு இருக்கிற இடத்துக்கு லண்டன் நேரம்தான் பொருத்தம். 1940-ல் அதை ஒரு மணி முன்னுக்குத் தள்ளினார்கள். கோடையில் இன்னும் ஒரு மணி தள்ளுகிறார்கள். ஆகையால் கோர்தோபாவில் ஜூலை மாதம் சூரியன் உச்சிக்கு வருவதே பகல் இரண்டே கால் மணிக்கு மேல். தரையும் சுவரும் காய்ந்து, சூடு உச்சத்தை எட்டுவது சாயந்திரம் ஐந்து, ஆறு மணிக்கு. நாங்கள் ‘வெயில் தாழ’ என்று கிளம்பியது பட்டப்பகல் கொளுத்துகிற நேரத்தில்! அந்த நேரம் மருந்துக் கடை விளக்கு 43 காட்டியதை இவர் பார்த்திருக்கிறார். எனக்குச் சொல்லவில்லை. அந்தப் பக்கத்தில் 43 ஒன்றும் அதிசயமில்லை. இதே கோர்தோபா ஜில்லாவில் லா ராம்ப்லா என்று ஒரு ஊர் உண்டு. நான் தண்ணீர் குடித்த போத்திஹோ மாதிரி மண்பாண்டங்களுக்குப் பேர் போன ஊர். அங்கே 2021 ஆகஸ்ட் 14 அன்று 47.6 டிகிரி பதிவாயிற்று. ஊரே கதவைச் சாத்தியிருந்தால் அது சோம்பேறித்தனமில்லை, தலைமுறை தலைமுறையாக வந்த புத்தி.

அந்த அம்மாள் எட்டரை மணி வரை எங்களை விடவில்லை. வீட்டின் நடுவே ‘பாத்தியோ’ என்கிற முற்றம். நம் பழைய வீடுகளில் இருந்ததே, அந்த முற்றமும் தாழ்வாரமும் அப்படியே. பகலில் மேலே கித்தான் துணியை இழுத்து மூடிவிடுகிறார்கள். சாயந்திரம் மடக்கிவிட்டுத் தரையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். சுவர் முழுக்கப் பூந்தொட்டிகள். உயரத் தொட்டிகளுக்கு நீள மூங்கில் கழியின் நுனியில் ஒரு டப்பாவைக் கட்டி அதால் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இந்த ஊரில் மே மாதம் நடக்கும் முற்றத் திருவிழாவை 2012-ல் யுனெஸ்கோ மனித குலத்தின் அருவப் பண்பாட்டுப் பாரம்பரியமாக அங்கீகரித்ததாம். நாம் முற்றத்துக்குத் தளம் போட்டு மூடி, ஏ.ஸி. வாங்கி மாட்டுகிறோம்.

விடைபெறும்போது இவர் பர்ஸை எடுக்க, அந்த அம்மாள் கோபமாகக் கையைத் தட்டிவிட்டார். தம் விசிறியை என் கையில் திணித்தார். எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையை, கிராசியாஸ் என்பதை, நாலு தடவை சொன்னேன். போதவில்லை. கட்டிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு அதே பாலத்தில் திரும்பினோம். இன்னும் வெளிச்சம் போகவில்லை. ஊரே இப்போதுதான் கதவைத் திறந்திருந்தது. பாட்டிகள் நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். கைக்குழந்தைகள் தள்ளுவண்டியில் ஊர்வலம் போயின. பாலத்தில் இவர் எனக்கு முன்னால் போகவில்லை. என் கையைப் பிடித்தவர் ஹோட்டல் வரை விடவும் இல்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்கே கிளம்பினோம். காபி குடிக்க ஒரு கடைக்குள் நுழைந்ததும், நான் உட்காருவதற்குள் இவர் தாளைப் பிரித்து, கடையே திரும்பிப் பார்க்கிற குரலில், “அசேயோஸ்?” என்றார். எனக்கு முகமெல்லாம் சிவந்து போயிற்று. கடைக்காரர் சிரித்தபடி உள்பக்கம் கையைக் காட்டினார். அரண்மனைத் தோட்டத்தில் ஒரு “அசேயோஸ்?” ரயில் நிலையத்தில் ஒரு “அசேயோஸ்?” அன்று மதியத்துக்குள் நான் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்திருந்தேன். சங்கோஜப் பேர்வழியான என் வீட்டுக்காரர் எனக்காகச் செய்த மிகப் பெரிய வீரச் செயல் எது என்று யாராவது கேட்டால், இதைத்தான் சொல்வேன்.

இனி உங்களுக்கு. நம் ஊர்க் கோடைக்கும் இது பொருந்தும்.

வெயில் நாளில் தாகத்துக்குக் காத்திராமல் மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், ரத்த அழுத்தத்துக்கு நீர் போகிற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், தசைப்பிடிப்பு வந்தால் அங்கேயே நிழலில் படுத்து, உடுப்பைத் தளர்த்தி, ஈரத் துணி போட்டு விசிற வேண்டும். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து சிறுகச் சிறுகக் கொடுங்கள். பேச்சுக் குழறல், நினைவு தடுமாற்றம், வலிப்பு, மயக்கம், அனலாய்க் கொதிக்கும் உடம்பு இருந்தால் அது வெப்ப அதிர்ச்சி, உயிருக்கு ஆபத்து. உடனே 108-க்குப் போன் செய்துவிட்டு, வரும் வரை உடம்பை ஈரமாக்கிக்கொண்டே இருங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

பச்சைக் குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு: ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பாலே போதும், கோடையிலும் தனியாகத் தண்ணீர் வேண்டாம். அடிக்கடி பால் கொடுங்கள், நீங்கள் தண்ணீர் குடியுங்கள். நிறுத்திய காருக்குள் குழந்தையை ஒரு நிமிஷம் கூட விடாதீர்கள். தள்ளுவண்டியைத் துணியால் மூடி வெயிலில் வைக்காதீர்கள், உள்ளே உலையாகிவிடும்.

பகலில் வெயில் படும் ஜன்னல்களை மூடித் திரை போடுங்கள். ராத்திரி காற்று குளிர்ந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். காற்றின் சூடு 40 டிகிரியைத் தாண்டினால் வெறும் மின்விசிறி அனலைத்தான் வீசும். மேலே ஈரத் துணி இருந்தால்தான் பலன்.

கடைசியாக ஒன்று. உங்கள் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் திட்டாதீர்கள். “ஏன் குடிக்கலே?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அங்கே கழிப்பறை சரியில்லை என்றால், பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்பது நம் வேலை. என் அம்மா கேட்கவில்லை, அவள் அம்மாவும் கேட்கவில்லை. நாமாவது கேட்போம்.

அந்த விசிறி என் மேஜை மேல்தான் இருக்கிறது. இதை எழுதி முடிப்பதற்குள் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டேன். நீங்கள்?